ஊன்றக் கூடாத கால்

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை தையல்காரம்மாவை வார்டின் கடைசிக் கட்டிலுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் பச்சைத் திரை. டெட்டால் வாசனைக்கு அடியில் காயாத துணியின் வாடை.

என்றோ பொருத்திய செயற்கை இடுப்புக்குக் கீழே தொடையெலும்பு முறிந்திருந்தது.

"நீளமா தகடு வெச்சு, எலும்பைச் சுத்திக் கம்பியால வரிஞ்சு கட்டியிருக்கேன்," என்றார் டாக்டர். "எலும்பு கூடற வரைக்கும் கால் தரையில படக்கூடாது. ஊனினா தகடே முறிஞ்சிடும். எல்லாம் படுக்கையிலதான்மா."

எல்லாம் என்றால் எல்லாமும்தான். ஊரார் இடுப்பை அளந்தே வாழ்ந்தவளுக்கு, பெற்ற மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுப்புக்கடியில் மலத்தட்டு வைத்தான்.

"இதுல என்னம்மா இருக்கு? எனக்கு நீ செய்யாததா?"

அவன் சொல்லச் சொல்ல அவள் கூனிக் குறுகினாள். அதற்குப் பிறகு தண்ணீரையே தொடவில்லை.

அப்படியும் மதியம் முட்டிக்கொண்டு வந்தது. மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். நர்ஸைக் கூப்பிட வாயெடுத்தாள். திரைக்கு அப்பால் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்களின் பேச்சுக்குரல். வாயை மூடிக்கொண்டாள்.

படுக்கை நனைந்தது.

தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். நிமிர்ந்தபோது, திரை விலகாமலே உள்ளே ஒரு கிழவி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி அங்கி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"பையன் பாக்கறதுக்குள்ள எழுந்திரு," என்றாள் கிசுகிசுப்பாக. "நான் பிடிச்சுக்கறேன்."

"கால் ஊனக் கூடாதுன்னு…"

"மானத்தைவிடக் கால் பெருசா?"

சுருக்கென்று தைத்தது. கட்டுப்போட்ட தொடையைச் சில்லென்ற விரல்கள் பற்றின.

கால் கட்டிலை விட்டு இறங்கியது.

பாதம் தரையைத் தொட்டது.

உள்ளே ஏதோ நெரிந்தது.

கிழவி சிரித்தாள். தையல்காரம்மா அப்போதுதான் கிழவியின் காலைப் பார்த்தாள். தொடை நடுவில் மடங்கி, தகட்டின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது.

"ஐயோ, நனைச்சிட்டேன்! யாராவது வாங்களேன்!" வார்டு முழுக்கக் கேட்கும்படி தையல்காரம்மா கத்தினாள்.

நர்ஸ் ஓடி வந்து காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். திரைக்குள் வேறு யாருமில்லை.

"ஏம்மா இறங்கினே?" என்று மருந்தோடு திரும்பி வந்த மகன் பதறினான்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "வெக்கமா இருந்துச்சுப்பா."

உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். தகடு தப்பியிருந்தது. படம் எடுத்தவர் மட்டும் மகன்மேல் எரிந்து விழுந்தார்.

"படம் எடுக்கும்போது அம்மா காலை ஏன்பா பிடிச்சே?"

"நான் வெளியிலதானே நின்னேன்?"

அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வரிந்து கட்டிய கம்பிகளுக்கு மேல், தொடையை இறுகப் பற்றியபடி ஐந்து விரலெலும்புகள்.