நாலாவது அஞ்சலி

"டாக்டர் போயிட்டார் மேடம்."

காதுக்குள் செருகியிருந்த குமிழில் தயாரிப்பாளரின் குரல் கேட்டது.

காலைச் செய்தி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. வானிலையை வாசித்துக்கொண்டிருந்தவளின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எத்தனையோ வருடப் பழக்கம். கூரையே இடிந்து விழுந்தாலும் செய்தி வாசிப்பவளின் புருவம் அசையக் கூடாது. அசைந்தால் மறுநாள் வேறு புருவம் வந்துவிடும்!

காமிராவுக்கு முன்னால் இருந்த கண்ணாடித் திரையில் எழுத்துகள் மேலேறின.

'நாடறிந்த இதய அறுவை நிபுணர் இன்று காலை தன் இல்லத்தில் திடீரென மறைந்தார்...'

வாசித்தாள். 

நேற்று மாலைதானே அவருக்கு விருது கொடுத்தார்கள்... இதே சேனலின் ஆண்டு விழாவில்! மைக்கைப் பிடித்து அவரை மேடைக்கு அழைத்ததே அவள்தான்.

டாக்டரின் மனைவி தொலைபேசியில் வந்தார். வெந்நீரில் தேன் கலந்து குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், பேப்பரைப் பிரிக்கக்கூட இல்லையாம்.

"விழாவுல குடுத்தீங்களே, அந்தத் தேன்தாங்க. நல்லா இருக்குன்னு சொன்னாரு. அதுதான் அவர் கடைசியா பேசினது."

அடுத்த செய்திக்குப் போவதற்குள் மறுபடியும் குமிழ் பேசியது.

"கால்பந்து கேப்டனும் காலி மேடம். படிங்க."

படித்தாள். பயிற்சியாளர் தொலைபேசியில் வந்து சொன்னார்: வீட்டில் ரொட்டியில் தேனைத் தடவிச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர், பந்தை ஒரு உதை உதைத்தாராம். பந்து போனது. அவரும் போனார்.

மூன்றாவதாக, பெரியவர் என்று ஊரே அழைக்கும் பாடகர். காலைச் சாதகத்துக்கு முன்னால் தொண்டைக்குத் தேன் நக்கியவர், முதல் சுரத்தைக்கூடத் தொடவில்லை என்று அழுதார் தொலைபேசியில் வந்த சீடர்.

மூன்று பேருக்கும் நேற்று இதே சேனலின் விருது. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தேன் பாட்டில்.

விருது வாங்கியவர்கள் மொத்தம் நாலு பேர்.

நாலாவது ஆள் ஓர் ஓவியர்... அவளுடைய சொந்தத் தங்கை!

விளம்பர இடைவேளை வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"எனக்கு உடனே போன் வேணும்," என்றாள், சட்டையில் குத்தியிருந்த மைக்கில்.

ஸ்டுடியோவுக்குள் போன் ஆகாது. அது வெளியே இழுப்பறையில் கிடந்தது. கதவின் பூட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளரின் கையில். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப் பெயர் 'பரபரப்பு'. பூனை குட்டி போட்டாலும் பரபரப்புச் செய்தி என்று போடுகிற மனிதர். இன்று எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, அத்தனை கருவிகளையும் தானே ஓட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் பொறுங்கள் என்றபடி, அடுத்த செய்தியைத் தேடிக் கண்ணாடித் திரையை உருட்டினார் பரபரப்பு. அவசரத்தில் அது கொஞ்சம் கூடுதலாகவே உருண்டுவிட்டது.

'பிரபல ஓவியர் இன்று காலை காலமானார். வண்ணங்களின் அரசி இனி இல்லை...'

கண்ணிமைக்கும் நேரம்தான். எழுத்துகள் சரசரவென்று பின்னால் ஓடிவிட்டன.

 தங்கை செத்துவிட்டாளா? எப்போது? யார் பார்த்தது?

பிறகு மெதுவாக உறைத்தது.

அவசரச் செய்தி வருகிற லட்சணமே வேறு! எழுத்துப் பிழையோடு வரும். ஊரை மாற்றிக்கொண்டு வரும். படம் கேட்டால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது வரும். இன்று வந்த மூன்றிலும் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் சோக இசை சேர்த்து வெட்டி ஒட்டிய குறும்படம் வேறு. ஆற அமர உட்கார்ந்து செய்தால்தான் இப்படி வரும்!

சாவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து செய்தால்தான் வரும்.

விருதோடு தேன் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது யார்? பரபரப்பு. மேடையில் தன் கையாலேயே கொடுப்பேன் என்று அடம்பிடித்தது யார்? அதே பரபரப்பு!

"என் தங்கச்சிக்கு என்ன ஆச்சு?"

குமிழ் கரகரத்தது.

"பார்த்துட்டியா?"

இத்தனை வருடத்தில் அவளை அவர் 'நீ' என்றது அதுவே முதல் தடவை.

"இன்னும் சாகலை. எழுந்திரிச்சிருக்க மாட்டா."

அவள் பாய்ந்து போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. கண்ணாடியைக் குத்தினாள். சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தானே அந்த அறையையே கட்டியிருக்கிறார்கள்!

"இந்த மாசத்தோட சேனலை மூடறாங்க, தெரியுமில்ல? நீயும் நானும் தெருவுல நிப்போம். இப்போ பாரு... நாடே நம்மளைத்தான் பார்க்குது. மத்த சேனல்காரன் எல்லாம் நம்மளைப் பார்த்து எழுதறான். வந்து உட்காரு."

வந்து உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் கத்தினாள்.

"யாரும் தேனை..."

விளக்கு அணைந்தது. பக்கத்துத் திரையில் ஒரு குழந்தை சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்தது.

"பட்டன் மேலயே விரலை வெச்சிருக்கேன். நீ வாயைத் திறந்தா சோப்பு," என்றது குமிழ்.

மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கை விடிய விடிய வரைந்துவிட்டுப் போனை அணைத்துப் போட்டுத் தூங்குகிறவள். எழுந்ததும் எலுமிச்சையும் தேனும் உள்ளே போனால்தான் கண்ணே திறக்கும். மற்ற நாளாக இருந்தால் மத்தியானம்வரை எழமாட்டாள். இன்றைக்கென்று பேட்டிக்கு வரச் சொல்லி, அலாரம் வைத்துப் படு என்று கெஞ்சியவளே அக்காதான்! அலாரம் இந்நேரம் அடித்திருக்கும். கையில் போன் இருந்தாலும் பயனில்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போக ஆள் வேண்டும். அதுவும் இப்போதே வேண்டும்.

காலை வேளையில் அடுத்த வீட்டுக் கதவை உடைக்க எந்த மனிதன் வருவான்?

சட்டென்று அழுகை நின்றது. ஒரே ஒரு காரியத்துக்கு வருவான்.

"சோப்பு ஓடினா ஜனங்க வேற சேனலுக்குப் போயிடுவாங்க சார்," என்றாள் தேய்ந்த குரலில். "விளக்கைப் போடுங்க. மூணு அஞ்சலியும் மறுபடி படிக்கறேன்."

"இப்பதான் புத்தி வந்திருக்கு. கண்ணைத் துடைக்காதே. அப்படியே இருக்கட்டும்."

சிவப்பு விளக்கு.

டாக்டரை வாசித்தாள். கேப்டனை வாசித்தாள். பெரியவரை வாசித்தாள். பிறகு கண்ணாடித் திரையிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"சற்றுமுன் கிடைத்த செய்தி. பிரபல ஓவியர், முப்பத்தொன்பது வயதான என் உடன்பிறந்த தங்கை, இன்று காலை தன் அடுக்குமாடி வீட்டில் காலமானார். உடல் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கதவை உடைத்து..."

குரல் உடைந்தது. அது நடிப்பில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பரபரப்பின் விரல் பட்டன்மேல் துடித்தது. அழுத்தவில்லை! அவரே எழுதிய செய்தி. கொஞ்சம் சீக்கிரம், அவ்வளவுதானே? தங்கையின் சாவை அக்காவே நேரலையில் வாசிக்கிறாள்... எந்தச் சேனலுக்குக் கிடைக்கும்?

"ஐயோ... பிரமாதம்!" என்றது குமிழ். குறும்படத்தையும் ஓடவிட்டது.

அப்புறம் அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தங்கை ஏற்கெனவே குடித்திருந்தால், வாசித்தது உண்மைச் செய்தி. இத்தனை வருடமாகச் செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவள், இன்று தன் வாயால் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டாள்.  பக்கத்துத் திரையில் தங்கை சோக இசையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

குறும்படம் முடிந்தது. சோப்புக் குழந்தை குளித்தது. மறுபடியும் குளித்தது.

கண்ணாடிக்கு அப்பால் கதவு திறந்தது. ஓர் இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். பரபரப்பு எழுந்து நின்றார். திறந்திருந்த குமிழ் வழியாக இன்ஸ்பெக்டரின் குரல் அவள் காதில் விழுந்தது.

"உசுரோட இருக்கற ஒரு பொம்பளையைச் செத்துட்டான்னு நியூஸ் குடுத்தது யாருய்யா?"

உசுரோட!

 மேஜையில் கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள்.

பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்த இன்ஸ்பெக்டர், பொய்ச் செய்தி பரப்புவது எத்தனை பெரிய குற்றம் என்று அதட்ட ஆரம்பித்தார்.

"நான் கொஞ்சம் முந்திப் படிச்சிட்டேன், அவ்வளவுதான் சார். அந்த மனுஷர் அதை நேத்தே எழுதி வெச்சிட்டார். திரையை உருட்டிப் பாருங்க. அப்படியே நாலு தேன் பாட்டிலையும் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்க."

பரபரப்பு வாசல் பக்கம் நழுவினார். கான்ஸ்டபிள்கள் அவரை அன்போடு அணைத்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார். மறுமுனையில் தங்கை! கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் முட்டி மோதியதில், வாய்வரை போன டம்ளர் தரையில் சிதறிவிட்டதாம். கிடத்துவதற்குப் பாய் விரித்துவிட்டு, எல்லோரும் இப்போது அவளையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

"நீ நல்லா இருக்கியாடி?" அவளால் அதற்குமேல் பேச முடியவில்லை.

"அக்கா..." தங்கை பல்லைக் கடித்தாள். "என்னைக் கொன்னதைக்கூட மன்னிச்சிடுவேன். ஆனா என்னோட உண்மையான வயசை எதுக்கு ஊருக்கெல்லாம் சொன்னே?"