மாவுக்கட்டோடு முப்பத்தொரு கிலோ

"என் பள்ளிக்கூடத்துல நாலு பிள்ளைங்க பொய்யாம்!" தலைமையாசிரியை மொட்டைக் கடிதத்தை மேசைமேல் எறிந்தாள்.

விசாரணை அதிகாரி நிதானமாகப் படித்தாள். அந்த நடுநிலைப் பள்ளியின் பட்டியலில் சரியாக அறுபது பேர். ஒருவர் குறைந்தாலும் மூடிவிடுவார்கள். ஏழாம் வகுப்பில் செங்கல்சூளைப் பிள்ளைகள் நால்வர் வெறும் பெயர்கள் என்றது கடிதம். நிரூபணமானால் தலைமையாசிரியையின் வேலையும் போகும்.

மறுநாள் வகுப்பில் நான்கு இடங்கள் காலி. சூளையிலும் யாரும் முகம் கொடுக்கவில்லை. "எங்க பிள்ளைங்க எங்கயும் படிக்கல. போங்க" என்று ஒரு தாய் கதவைச் சாத்தினாள்.

"முடிஞ்சது மேடம். பொய்க் கணக்குதான்" என்றாள் உதவிக்கு வந்த தட்டச்சாளர்.

"சாத்தின வேகத்தைப் பார்த்தியா? அது கோபம். பள்ளிக்கூட அலமாரியில இருக்கிற நோட்டு எல்லாத்தையும் எடு."

மாலையில் தலைமையாசிரியையும் சேர்ந்து மூவரும் ஏழாம் வகுப்பாசிரியையின் எதிரில் அமர்ந்தார்கள்.

"அந்த நாலு பேர் மூஞ்சியை நான் பார்த்ததே இல்ல. இவங்க மிரட்டினாங்க, வருகை போட்டேன்" என்றாள் அவள், தலைமையாசிரியையை முறைத்தபடி.

"நாக்கு அழுகிடும் டீச்சர்!" என்று கத்தினாள் தலைமையாசிரியை.

அதிகாரி உயரம், எடை குறிக்கும் நோட்டைத் திறந்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

"அதுவும் இவங்க சொல்லித்தான் எழுதினேன்."

"சரி. ஜூனில் இந்தப் பெண் முப்பது கிலோ. ஜனவரியில் முப்பத்தொன்று. பக்கத்துல, 'இடது கை மாவுக்கட்டோடு'ன்னு எழுதியிருக்கீங்க. இல்லாத பிள்ளைக்கு யாராவது கையை உடைப்பாங்களா?"

வகுப்பாசிரியை அவசரமாக நோட்டை மூடப் பார்த்தாள்.

"டவுனுக்கு மாற்றல் கேட்டு மூணு மனு போட்டிருக்கீங்க. பள்ளி மூடினா மாற்றல் தானா வரும். வராதீங்கன்னு பிள்ளைங்களை விரட்டிட்டு, அப்புறம் கடிதம் எழுதினீங்க. சூளையில ஒரு தாய் கோபமா கதவைச் சாத்தினது அதுக்குத்தான்."

"மத்த பிள்ளைங்களே அதுங்க பக்கத்துல உட்காரல. நான் மட்டும் கெட்டவளா?" என்று சீறினாள்.

தலைமையாசிரியை வெற்றியோடு நிமிர்ந்தாள். "நான் சொல்லல?"

அதிகாரி அவள் பக்கம் திரும்பினாள். "ஜனவரிக்கு அப்புறம் ஒரு மாசமா அந்தப் பிள்ளைங்க வரல. நீங்க ஏன் தேடிப் போகல?"

தலைமையாசிரியை மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து மடித்தாள்.

"இப்ப போய்க் கூப்பிடுவோம். கை உடைஞ்ச பொண்ணு எப்படி இருப்பா? அடையாளம் சொல்லுங்க."

தலைமையாசிரியை வாயைத் திறந்தாள். அறுபது என்ற எண் தூக்கத்திலும் அவளுக்கு மனப்பாடம். அந்த முகம் மட்டும் வரவில்லை. அவள் கை மெதுவாகப் பட்டியலை நோக்கி நீண்டது.