கை தூக்காதே பாய்... கை தூக்காதே!

கவரைப்பேட்டை போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் துளசிராமன் பாதி இட்லியை வைத்துவிட்டு எடுத்தார்.

"சார்! எழுநூறு கோடி ரூபா கம்பெனி முதலாளிய ஒரே ஒரு போண்டாவால மடக்கிப் போட்டிருக்கேன்! வேன் எடுத்துக்கினு வாங்க!"

"யார்யா நீ?"

"சுப்பராயன் சார். அத்திப்பட்டு பவர் ஹவுஸ்ல ரிட்டயர்டு."

"காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?"

"நாஷ்டாகூட துன்னல சார்! கல்யாண மண்டபத்துக்கு வாங்க!"

"வர்றேன்யா. வந்து உன்னைத்தான் உள்ள வெக்கப்போறேன்!"

டொக்!

நீங்களும் நம்பவில்லை அல்லவா? வேண்டாம். ஒரு மணி நேரம் பின்னால் போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்...

2007. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி மாளிகை. அலைமுத்து சாஃப்ட்வேர் லிமிடெட்! பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. வருடாந்தரப் பொதுக்கூட்டம் மட்டும் கவரைப்பேட்டை கல்யாண மண்டபத்தில். வாடகை குறைவு!

மணமேடையில், தாலி கட்டப்போகிறவர் மாதிரி ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தார் எம்.டி. தணிகைவேல்.

முன்வரிசையில் பழவேற்காடு ஷேக் தாவூத். இறால் வியாபாரி. இரண்டு படகுகளை விற்று இந்தக் கம்பெனியில் ஆறாயிரம் ஷேர் வாங்கியவர். அந்த ஷேர் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

பக்கத்தில் அவருடைய நண்பர் சுப்பராயன்.

பாய் வாசலையே பார்த்தார்.

"சுப்பராயா... தானியேல் சாரை இன்னும் காணோமே!"

"யாரு பாய் அது?"

"மும்பை ஃபண்டு ஆளு. கம்பெனில நூத்துக்கு முப்பத்தஞ்சு அவங்களுது. நேத்து போன் பண்ணாரு. 'இந்த தணிகைவேலை மறுபடி எம்.டி. ஆக்குனா உங்க காசு கடல்ல போச்சு பாய்! கை தூக்காதீங்க! நான் வந்து ஓட்டுச்சீட்டு கேக்குறேன்'னாரு."

"கைக்கும் சீட்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"கைன்னா ஆளுக்கு ஒண்ணு. சீட்டுன்னா ஷேருக்கு ஒண்ணு. பின்னால பாரு!"

சுப்பராயன் திரும்பினார்.

இருநூறு பேர்! கம்பெனி டிரைவர், வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர்... ஆளுக்கு ஒரே ஒரு ஷேரைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார் தணிகைவேல்.

இருநூறு ஷேர். ஆனால் இருநூறு கை!

"அப்ப நீயே சீட்டு கேளேன் பாய்!"

"நானா? அதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம்பா!"

மைக் கிரீச்சிட்டது.

"இந்த வருஷம் லாபம் குறைவு" என்றார் தணிகைவேல்.

மண்டபம் கொட்டாவி விட்டது.

"டிவிடெண்ட் கிடையாது."

யாரோ தும்மினார்கள்.

"செலவைக் குறைக்கிறதால, வழக்கமான டிபன் பாக்கெட்டும் கிடையாது!"

மண்டபம் எழுந்து நின்றது!

வருடம் தவறாமல் வரும் மைசூர்பாகு, மிக்சர், இரண்டு போண்டா! திருவள்ளூரிலிருந்தும் கடம்பத்தூரிலிருந்தும் ரயில் மாறி ரயில் ஏறி பெரியவர்கள் வந்தது பேலன்ஸ் ஷீட் படிக்கவா? தணிகைவேலின் சொந்த வாட்ச்மேன்களே வேட்டியை மடித்துக் கட்டினார்கள்!

"பொய்யி!" என்று கத்தினார் சுப்பராயன். "போண்டா வந்திருக்குது! வாசனை வருது!"

சாதாரண மூக்கா அது? முப்பது வருஷம் நிலக்கரிப் புகைக்கு நடுவே நின்று, எண்ணூரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொன்ன மூக்கு!

"யோவ் பெர்சு! ஓசி போண்டாவுக்கு அலையிறியே, வெக்கமா இல்ல?" என்று சீறினார் தணிகைவேல்.

"ஓசி இன்னாய்யா ஓசி? கம்பெனி எங்க பாய் காசு!"

மூக்கு முன்னால் நடந்தது. சுப்பராயன் பின்னால் ஓடினார். அவர் பின்னால் மண்டபமே!

சமையற்கட்டு ஸ்டோர் ரூம். புதுப் பூட்டு. வாசலில் தணிகைவேலின் டிரைவர் அரசப்பன்.

"உள்ள யாரும் இல்ல!" என்றான் அரசப்பன்.

"போண்டா எங்கடான்னா, யாரும் இல்லன்றியே!" என்றார் சுப்பராயன். "ஒடைங்கடா!"

கேன்டீன் மாஸ்டர் இட்லிக் கொப்பரையால் ஒரே இடி.

படார்!

கதவு விழுந்தது. உள்ளே அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக டிபன் பாக்கெட்டுகள்...

பெட்டிகளுக்கு நடுவே இரண்டு கால்கள்!

"யா அல்லாஹ்!" என்று அலறினார் பாய். "தானியேல் சாரு!"

மண்டையில் ரத்தம். வாயில் துணிக் கிழிசல். கைகள் பின்னால் கட்டி...

சுப்பராயன் கட்டை அவிழ்த்தார். தானியேல் இருமினார். உயிர் இருந்தது!

"பின்வாசல்ல... இந்த டிரைவர்தான்... அடிச்சான்..."

தணிகைவேலின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த நொடி சிரித்தது.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். முதல்ல ஓட்டு! என்னை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!"

"ஓட்டுச்சீட்டு வேணும்!" என்றார் தானியேல், சுவரைப் பிடித்து எழுந்து.

"கேக்க நீ யாருய்யா? ஃபண்டு குடுத்த அதிகாரக் கடிதம் எங்க?"

தானியேல் பையைத் தடவினார்.

காலி!

தணிகைவேலின் சிரிப்பு காதுவரை போனது.

"பாய்..." என்று மூச்சு வாங்கினார் தானியேல். "ஐயாயிரம் ஷேர் இருந்தா... யாரும் கேக்கலாம். சட்டம்! உங்ககிட்ட ஆறாயிரம் இருக்கு!"

"தாவூத்!" தணிகைவேலின் குரல் கத்தியாக இறங்கியது. "படகு வித்த காசு... நாளைக்குப் பேப்பர் விலைக்குக்கூட போகாது. பாத்து நடந்துக்கோ!"



பாயின் கண்ணுக்குள் இரண்டு படகுகளும் மிதந்தன.

"கை தூக்காதேன்னு நேத்து சொன்னாங்க" என்றார் பாய். "இப்ப தூக்குறேன்டா! ஓட்டுச்சீட்டு குடு!"

ஓட்டு எண்ணச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் சாராள். மடிக்கணினியைத் திறந்து, ஷேர்களைக் கணக்கு வைக்கும் டெபாசிட்டரியிலிருந்து வந்த அன்றைய பங்குதாரர் பட்டியலை ஓட்டினார்.

நிறுத்தினார்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார்... உங்க குடும்பத்துக்கு நூத்துக்கு முப்பத்திரெண்டுன்னு ஆண்டறிக்கையில போட்டிருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"இதுல... ஒண்ணுகூட இல்லையே!"

மண்டபமே தணிகைவேல் பக்கம் திரும்பியது.

"இப்ப புரியுது!" என்றார் தானியேல். "அமெரிக்கா ஆர்டர் கைவிட்டுப் போச்சு. அதை எங்ககிட்ட மறைச்சிட்டு, விலை உச்சத்துல இருந்தப்ப மொத்தத்தையும் பினாமி வழியா வித்துட்டான்! பதவி போயிடும்னு என்னைக் கட்டிப்போடலை... சீட்டு வந்தா இந்தக் குட்டு உடையும்னுதான்!"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க!" என்று அழுதான் அரசப்பன். "ராத்திரி சிங்கப்பூர் ஃப்ளைட்டு, அதுவரைக்கும் டிபன் ரூம்லயே பூட்டி வை, பாக்கெட்டு கிடையாதுன்னு நான் சொல்லிக்கிறேன்னாருங்க!"

தணிகைவேல் ஓடினார்!

வாசலை மறித்து அறுபது வயசுக்குக் குறையாத நாற்பது பேர், கையில் பாக்கெட்டோடு!

சுப்பராயன் குறி பார்த்தார். அத்திப்பட்டில் காக்கா ஓட்டிய கை!

விர்ர்ர்...

போண்டா தணிகைவேலின் செருப்புக்கடியில் போய்ச் சேர்ந்தது. எழுநூறு கோடி சறுக்கியது... சாம்பார் வாளிக்குள் தலைகுப்புற!

அப்போதுதான் சுப்பராயன் போனை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் துளசிராமன் வந்தபோது, மணமேடையில் சாம்பார் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார் தணிகைவேல். ஜிப்பாப் பையில் ஸ்டோர் ரூம் சாவி. செருப்பில் நசுங்கிய போண்டா.

தானியேல் தலைக்கட்டோடு பாயின் தோளைத் தட்டினார்.

"விலை இறங்கும் பாய். ஆனா கம்பெனி சாவாது. இனிமே நாங்க நடத்துறோம்."

"படகு?"

"பொறுமையா இருங்க. திரும்பி வரும்."

இன்ஸ்பெக்டர் சுப்பராயன் பக்கம் திரும்பினார்.

"உன்கிட்ட எத்தினி ஷேர்யா இருக்குது?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"பின்ன எப்படிய்யா உள்ள உட்டாங்க?"

"பாய் சம்சாரத்து பேருல வந்த அனுமதிச் சீட்டுல சார். காலைல இருந்து எம்பேரு மெஹர்னிசா!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டி, டி.எஸ்.பி.க்குப் போன் போட்டார்.

"ஐயா, வணக்கங்கய்யா... ஆமாங்கய்யா, எழுநூறு கோடி கம்பெனி முதலாளிதான்... மடக்குனது ஒரு போண்டாதாங்கய்யா. நானே கண்ணால பாத்தேன்... புடிச்சுக் குடுத்தது மெஹர்னிசான்னு ஒரு மீசைக்காரருங்கய்யா... ஐயோ, சத்தியமா ஊத்திக்கலைங்கய்யா! நாஷ்டாகூட முடிக்கல!"