பொருந்திய பல்சக்கரம்

விஜயதசமி காலை. சாக்கோட்டை சாலையில் உள்ள தன் பட்டறையில், பழைய லேத்தின் பக்கவாட்டு மூடியைத் திறந்த மெய்யநாதன் அப்படியே நின்றுவிட்டார். மேலே நிலையாக இருக்கும் கியரைத் தவிர, மரை வெட்ட உதவும் மூன்று கியர்களையும் காணோம். அந்த ரக லேத் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். புது கியருக்கு எங்கே போவது?

பந்தோபஸ்து வேலையில் தூக்கத்தைத் தொலைத்த சப்-இன்ஸ்பெக்டர் காளீஸ்வரி வந்தபோது திருடனையும் பிடித்து வைத்திருந்தார்கள். கையில் கொடுக்கப்படும் திருடர்களைக் கண்டாலே அவருக்கு அலுப்பு.

திருடன் என்று நிறுத்தப்பட்டவர் அந்தப் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர் செம்மலை. பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும் அடையாளம் தெரியாத கியர்களை வாங்கி, எந்த மெஷினுக்குச் சேரும் என்று பார்த்து விற்பவர். அவர் வீட்டில் ஒரு சாக்கு நிறைய இருந்ததை இங்கே தூக்கி வந்திருந்தார்கள். வழக்குப் பதிவானால் காரைக்குடியில் ஒரு பட்டறையும் அவரை உள்ளே விடாது.

"நேத்துப் பூஜை வரைக்கும் கியர் இருந்துச்சு மேடம்" என்றான் முகேஷ். மெய்யநாதனின் அக்கா மகன், பட்டறையைப் பார்த்துக்கொள்பவன். "மூடியத் திறந்து, என் கையாலதான் சந்தனம் குங்குமம் வச்சேன். அப்புறம் இவரு மட்டும் தனியாத் திரும்பி வந்தாரு."

"பொரிப் பொட்டலத்த மறந்துட்டுப் போனேம்மா" என்றார் செம்மலை.

முகேஷ் சாக்கிலிருந்து ஒரு கியரை எடுத்து லேத்தின் மொட்டைத் தண்டில் செருகினான். காய்ந்த சந்தனம் உதிர, கியர் கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தீகளா? இது என்னுது!" என்றார் மெய்யநாதன்.

காளீஸ்வரி கொட்டாவியை அடக்கினார். "மேல ஒரு கியர் மிச்சமிருக்கே, அதோட சேத்துச் சுத்துங்க."

முகேஷ் சுற்றினான். கறக்கென்று சிக்கி நின்றது.

"ஓட்டை பொருந்துது, பல்லு பொருந்தல. இது வேற மெஷின் கியரு" என்றார் காளீஸ்வரி.

"அப்ப எங்குட்டோ வித்துட்டாரு" என்றான் முகேஷ்.

"வித்தது நீங்க. அதுவும் பூஜைக்கு முன்னாடியே." காளீஸ்வரி மற்ற இரண்டு தண்டுகளைக் காட்டினார். கியர் உட்காரும் இடத்திலேயே சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. "கியர் இருந்திருந்தா பொட்டு கியர் மேல விழுந்திருக்கும். அதுக்கு அடியில இருக்குற தண்டுக்கு எப்படி வந்துச்சு? மெஷின்ல ஒரு இடத்தையும் வெறுமனே விட உங்களுக்கு மனசு வரல. காணாமப்போன கியருக்கும் சேத்துப் பொட்டு வச்சுட்டீக."

முகேஷ் தலை குனிந்தான். "கோயம்புத்தூர்ல ஒருத்தர் ரொம்பக் கேட்டாரு மாமா."

மெய்யநாதனின் முகம் செத்துவிட்டது. "அக்கா மகன்ம்மா. புகார வாபஸ் வாங்கிக்கிறேன்."

"செம்மலை மேல எழுதிக் குடுக்கறப்ப கை நடுங்கலையே உங்களுக்கு?" கேட்கும்போதே காளீஸ்வரிக்குச் சலித்தது. எத்தனை வீட்டில் இதையே கேட்டாயிற்று.

மெய்யநாதன் செம்மலையிடம் திரும்பினார். "மனசுல வச்சுக்காதீக. நாளைக்கு வழக்கம்போல வந்துருங்க."

செம்மலை லேத்தருகே போய், தண்டில் சிக்கியிருந்த கியரை மெதுவாகக் கழற்றி, ஒட்டியிருந்த சந்தனத்தை வேட்டியில் துடைத்தார்.

"இது என்னுது" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.