வேலி தாண்டிய மருந்து

களைக்கொல்லி அடிக்க டிராக்டர் ஓட்டுநரும் அவன் தங்கை புருஷனும் அந்தப் பண்ணைக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தகரக் கொட்டகையைத் திறந்ததும் மருந்து நெடி மூக்கில் ஏறி, தொண்டையில் கசப்பாக ஒட்டிக்கொண்டது.

வயலோரம் கம்பி வேலி. அதற்கு அப்பால் அரசு பாதுகாக்கும் நிலம். வேறெங்கும் முளைக்காத காட்டுச்செடிகள். அதையும் தாண்டிச் சில வீடுகள். போன சாகுபடிப் பட்டத்தில் இங்கே அடித்த மருந்து காற்றில் பறந்து செடிகளில் பாதியைக் கருக்கியது. வீடுகளில் குழந்தைகள் இருமி இருமி ரத்தம் துப்பின. தடுக்க வந்து வேலியோரம் நின்ற, அந்த நிலத்தின் காவல்காரி முழுக்க நனைந்தாள். மூச்சு முட்டி அந்த வாரமே செத்துப்போனாள்.

“மச்சான், காத்து வேலிப் பக்கம் அடிக்குது. இன்னிக்கு வேணாம்,” என்றான் தங்கை புருஷன்.

கொட்டகை வாசலில் நின்ற பண்ணை முதலாளி காதில் விழுந்துவிட்டது. “செடிக்கு வக்காலத்து வாங்க வந்தியா, வேலைக்கு வந்தியா?”

“ஏறு மாப்ள. அந்தாளு வாயில விழ என்னால முடியாது,” என்று முணுமுணுத்தான் ஓட்டுநர்.

வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கமும் நீண்ட குழாய்களிலிருந்து வெள்ளைப் புகையாக மருந்து சீறியது. வேலியருகே நின்று முதலாளி கையசைத்து வழி காட்டினார்.

யாரோ இருமினார்கள். பெண் குரல்.

“கேட்டுச்சா?” என்றான் ஓட்டுநர்.

“ம்.”

வேலிவரை போன புகை அங்கேயே நின்றது. சுவர் போல உயர்ந்தது.

பிறகு, காற்றை எதிர்த்துத் திரும்பி வந்தது.

“நிறுத்துடா!” என்று கத்தினார் முதலாளி. ஓட்டுநர் நிறுத்தினான். சீறல் ஓயவில்லை.

புகைக்குள்ளிருந்து ஈரமான இரண்டு கைகள் நீண்டன. முதலாளியின் தாடையைப் பற்றி இழுத்தன. எலும்பு மடாரென்று முறிந்தது. பிளந்த வாய்க்குள் புகை மொத்தமும் இறங்கியது. அவர் தன் தொண்டையைத் தானே நகத்தால் கிழித்தார். முகத்தோல் மஞ்சளித்து, சுருண்டு, கருகிய இலையாக உதிர்ந்தது.

இழுத்துக் காப்பாற்ற ஓடிய ஓட்டுநரின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. தோல் வெந்து வழன்றது.

“விடு! மச்சானை விட்டுடு!”

தங்கை புருஷன் ஸ்பேனரைத் தூக்கி வெறியோடு அடித்தான். அடி அந்தக் கையை ஊடுருவி ஓட்டுநர் மேலேயே விழுந்தது. ஓட்டுநரின் முழங்கை உடைந்து தொங்கியது. அவன் போட்ட அலறலில் பிடி தளர்ந்தது. இருவரும் கம்பியில் கிழிபட்டு வேலியைத் தாண்டி, செடிகளுக்கு நடுவே விழுந்தார்கள்.

புகை அங்கே வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், முதலாளியின் கால்கள் மண்ணை உதைக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் தங்கை ஓட்டுநரின் தலையைக் கோதினாள். “விடுண்ணா. எல்லாம் முடிஞ்சு போச்சு.”

ஓட்டுநர் மூடிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியின் உட்புறத்தில், ஆள் உயரத்தில், மூச்சுக்காற்று பட்டது போல ஒரு வட்டம் பனித்திருந்தது.

தங்கை எழுந்து போய் முந்தானையால் துடைத்தாள்.

அவள் கைக்குப் பக்கத்திலேயே அது மறுபடி பனித்தது. சுருங்கியது. விரிந்தது.