ரெண்டு என்று எழுதியவள்

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி நிற்கும் அந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரிக்கு, பிரியம்வதா அன்றும் ஒன்றே முக்காலுக்கு மத்தியான டூட்டிக்கு வந்தாள். கைப்பையை லாக்கரில் வைத்தாள். கண்ணாடியில் தலையைச் சரிபார்த்தாள். மாடியில் பெண்கள் வார்டில் கிடப்பவர்களை நினைத்ததும் உதடு தானாகவே ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: நோயாளி பொய் சொல்வாள்.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வலி எவ்வளவு என்று கேட்டு, பத்துக்குள் ஒரு எண்ணைச் சார்ட்டில் எழுத வேண்டும். நாலுக்கு மேல் போனால் ஊசி. ஏழைத் தாண்டினால் டாக்டருக்குப் போன். பிரியம்வதா எல்லாருக்கும் ரெண்டுதான் எழுதுவாள். கத்துகிறவள் நடிக்கிறாள், ஆகவே ரெண்டு. கத்தாதவளுக்கு வலியே இல்லை, அவளுக்கும் ரெண்டு. அந்த ரெண்டுக்காக நர்ஸ் தினத்தில் டாக்டர் கிரீஷ் அவளுக்குக் கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார். தன் ஆஸ்பத்திரியில் யாருக்கும் வலி இல்லை என்பதில் அந்த மனிதருக்கு அப்படியொரு பெருமை.

இருபது நாளுக்கு முன்னால் பதினொன்றாம் கட்டிலில் ஜெயக்கொடி கிடந்தாள். வாடிப்பட்டிப் பக்கம், வயல் வேலைக்காரி. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ரெண்டாம் நாள். அவள் கத்தவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு, வயிறு அசையாமல் மேல்மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"வலி எத்தனை? பத்துக்குள்ள சொல்லு."

"ஒம்பது இருக்கும் சிஸ்டர். தோள்பட்டை வரைக்கும் ஏறுது."

"ஒம்பதா? அப்ப பிள்ளை பெத்தப்ப எத்தனை?"

"அது வந்து வந்து போகும் தாயி. இது போகவே மாட்டேங்குது."

உள்ளே ஏதோ கசிகிறது என்று தெரிய, படித்த எந்த நர்ஸுக்கும் அந்த ஒரு வாக்கியம் போதும். பிரியம்வதாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரெண்டு என்று எழுதினாள். நாடியைத் தொடவில்லை, காலையில் எழுதியிருந்ததையே பார்த்து எழுதிக்கொண்டாள். புருஷன் பேயாண்டி இரண்டு தடவை வந்து கெஞ்சினான். "ஒருக்கா வந்து பாருங்க சிஸ்டர். அவ வலின்னு சொல்ற ஆளே இல்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. போய் வெளியில உக்காருங்க."

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெயக்கொடி செத்துப்போனாள். வயிறு முழுக்க ரத்தம். கிரீஷ் சார்ட்டைத் தட்டிக் காட்டினார். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. பேயாண்டிக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா எழுதியிருக்கு?"

"வலி ரெண்டுன்னு."

"யாரு சொன்னா?"

கிரீஷ் சார்ட்டை மூடினார். பிரியம்வதா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாள். அது அவளுடைய ஒரு திறமை.

இன்று பதினொன்றாம் கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஜூனியர் நர்ஸ் தமிழ்வாணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மணி மூன்று. வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. ரோட்டு இரைச்சல் திடீரென்று நின்றது. மின்விசிறிகள் சுழன்றன, ஆனால் காற்று வரவில்லை. எங்கிருந்தோ தண்ணீர் பாய்ச்சிய வயலின் சேற்று வாசனை வந்தது.

பிரியம்வதா சார்ட்டுகளை எடுத்துக்கொண்டு பத்தாம் கட்டிலுக்குப் போனாள். அதில் சுஷ்மா என்ற பள்ளிக்கூட டீச்சர், குடல்வால் எடுத்தவள், கண்மூடிப் படுத்திருந்தாள்.

"வலி எத்தனை?"

"இப்பத்தானே கேட்டுட்டுப் போனாங்க."

"யாரு?"

"இன்னொரு சிஸ்டர். வயித்துல கை வச்சுப் பாத்தாங்க. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. மறைக்காம சொல்லு தாயின்னாங்க. ஆறுன்னு சொன்னேன்." டீச்சர் கண்ணைத் திறந்தாள். "யூனிஃபார்ம் போடலையே அவங்க. எங்க மாதிரி பச்சைக் கவுன்தான். முதுகுல நாடாகூடக் கட்டலை."

மயக்கம் இன்னும் தெளியவில்லை, படித்தவளும் பட்டிக்காடும் படுத்துவிட்டால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு பிரியம்வதா சார்ட்டைத் திறந்தாள்.

மூன்று மணிக் கட்டத்தில் ஏற்கெனவே ஓர் ஆறு இருந்தது. பேனாவைப் பிடித்துப் பழகாத கை அழுத்தி எழுதியது போல.

அவள் அதை அடித்துவிட்டு ரெண்டு என்று எழுதினாள்.

பன்னிரண்டாம் கட்டிலில் எட்டு. அடித்தாள். பதின்மூன்றில் ஏழு. அடித்தாள். பயம் வரவில்லை அவளுக்கு, கோபம்தான் வந்தது. தன் சார்ட்டில் கை வைக்க எவளுக்கு இந்தத் தைரியம்?

பின்னால் ஈரக்கால் தரையில் பதியும் சத்தம்.

திரும்பினாள். யாருமில்லை.

பதினொன்றாம் கட்டிலின் விரிப்பு, ஆள் படுத்த மாதிரி நடுவில் அமுங்கியிருந்தது.

காதருகே மேல்மூச்சு. விட்டு விட்டு.

அப்போதுதான் வலி வந்தது.

வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டை வரைக்கும் ஏறியது. சார்ட்டுகள் சிதறின. கால் தள்ளாடி, பிடிக்க வேறு எதுவும் கிடைக்காமல், பதினொன்றாம் கட்டிலிலேயே போய் விழுந்தாள். வலி வந்து வந்து போகவில்லை. போகவே இல்லை.

தமிழ்வாணி மருந்துப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா! என்னக்கா பண்ணுது? எம்புட்டு வலிக்குது?"

பத்து. பத்துக்கு மேலே. அதைச் சொல்லத்தான் பிரியம்வதா வாயைத் திறந்தாள்.

"ரெண்டு," என்றது வாய்.

மறுபடி முயன்றாள். நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. "ரெண்டு."

நோயாளிகள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் இரக்கம் இல்லை.

தமிழ்வாணி மட்டும் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மடங்கிய முழங்கால். வயிற்றைத் தொட்டாள், பலகையாக இருந்தது. நாடியைப் பிடித்து எண்ணினாள், நூற்று முப்பது. கிரீஷுக்குப் போன் போட்டாள்.

"அவங்களே ரெண்டுங்கிறாங்களேம்மா," என்றார் அவர். "சார்ட்ல என்ன இருக்கு?"

"சார்ட்டைப் பாக்காதீங்க சார். வந்து ஆளைப் பாருங்க."

அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது. தைத்து மூடிப் பதினொன்றாம் கட்டிலிலேயே போட்டார்கள். வேறு கட்டில் காலி இல்லை.

நாலு நாள் கிடந்தாள். வலி ஒரு இம்மி குறையவில்லை. ஒவ்வொரு முறையும் வாய் ரெண்டு என்றது. தமிழ்வாணி இருந்த நேரத்தில் ஊசி கிடைத்தது. மற்ற நேரமெல்லாம் பிரியம்வதாவே பழக்கிவிட்ட நர்ஸுகள் வந்தார்கள். அவள் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே ரெண்டு என்று எழுதிவிட்டு, போனை நோண்டியபடி போனார்கள். நல்ல மாணவிகள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், வந்ததுபோலவே வலி நின்றது.

கிரீஷ் ஒரு ஐயரை வைத்துப் பூஜை போட்டார். பதினொன்று என்ற எண்ணைச் சுரண்டிவிட்டுப் பத்து-ஏ என்று பெயின்ட் அடிக்கச் சொன்னார். எண்ணை மாற்றினால் செத்தவளுக்கு வழி தெரியாமல் போய்விடும் என்பது அந்த எம்.எஸ். படிப்பின் முடிவு. அதன்பிறகு வார்டில் ஒன்றும் நடக்கவில்லை. தையல் பிரித்து வேலைக்குத் திரும்பியதும், டோக்கன் கொடுக்கும் மேஜையில்தான் உட்காருவேன் என்று பிரியம்வதா கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே யாரிடமும் வலியைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் உதடு பழைய கோணலுக்குத் திரும்பிவிட்டது.

மேஜைக்கு வந்த எட்டாம் நாள் காலை, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தை வீறிட்டது.

"நேத்திருந்து அழுகுது சிஸ்டர். எங்கன வலிக்குதுன்னே தெரியல."

"டோக்கன் நாப்பத்தி ரெண்டு. போய் உக்காரு," என்று சொல்லத்தான் பிரியம்வதா நினைத்தாள்.

அவளுடைய வலது கை எழுந்தது.

அவள் அதை எழுப்பவில்லை. மேஜையைத் தாண்டி நீண்டு, குழந்தையின் வயிற்றைத் தடவி, கழுத்துக்கு ஏறி, இடது காதின் மேல் மெதுவாகப் படிந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி விம்மியது. தாய் குனிந்து பார்த்தாள். காதுக்குள் சீழ்.

"ஆத்தாடி, காதா!" என்றவள், கையைக் கவனித்துவிட்டு ஆச்சரியமாகக் கேட்டாள். "உங்க கை எங்க கை மாதிரியில்ல காச்சுப் போயிருக்கு? வயக்காட்டு வேலை பாப்பீகளா சிஸ்டர்?"

பிரியம்வதா குனிந்து பார்த்தாள். விரல்களுக்குக் கீழே வரிசையாக, வருஷக்கணக்கில் கதிர் அரிவாள் பிடித்தால் விழும் தடித்த காய்ப்பு. நக இடுக்கில் ஈரச் சேறு.

கையை மடக்கப் பார்த்தாள்.

அது மடங்கவில்லை. வரிசையில் அடுத்து நின்ற கிழவரை நோக்கி நீண்டது.