இடுப்புக் கட்டு

காரின் பின் சீட்டுப் பெல்ட் மறுபடியும் பூட்டிக் கிடந்தது. காலையில் அதைக் கழற்றிவிட்டுத்தான் றிபாஸ் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனான். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இந்தக் கோலம். வெறுமனே பூட்டியிருந்தால் மகள் அப்ராவின் விளையாட்டென்று விட்டிருப்பான். ஆனால் வார் தளர்ந்து கிடக்கவில்லை. யாரோ ஒருவருடைய இடுப்பைச் சுற்றிக்கொண்டு, சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றது. சிவப்புப் பொத்தானை அமத்தினான். அது விழுந்தது. விரலில் ஈரமண் ஒட்டியது.

கார் அவனுடைய வாப்பா மீராமுகைதீனுடையது. அறுபத்திரண்டாம் ஆண்டு மொறிஸ் மைனர். வாப்பா மௌத்தான பிறகு அதைத் துருப்பிடிக்க விடவும் மனமில்லை, புது வாகனம் வாங்க வழியுமில்லை. வாப்பா ஓட்டிய காலத்தில் கல்முனை வீதியில் மாடுதான் குறுக்கே வரும். இப்போது பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே ஆளை வீதியோரத்துக் கானுக்குள் தள்ளிவிடுவான். அதனால் பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் மதுஷனிடம் விட்டு, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் கண்ணாடிக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு, பின்சீட்டு முழுக்கத் தெரிகிற பெரிய கண்ணாடி, எல்லா இருக்கைக்கும் பெல்ட் என்று அளவோடு செய்வித்தான். எல்லாம் அப்ராவுக்காக. மனைவி சுல்பிகா குவைத்துக்குப் போய் எட்டு மாதம். பிள்ளையை ஏற்றி இறக்குவதும், சோறாக்குவதும், வேலைக்கு ஓடுவதும் அவன் ஒருவன்தான். ஆற அமரப் பயப்படக்கூட அவனுக்கு நேரமில்லை.

அவனை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுகிற மதுஷனுக்கு அழைத்துக் கேட்டான்.

"தானாப் பூட்டாது நானா, கையால அமத்தோணும். புதுப் பெல்ட்டு, நான்தானே பெட்டி உடைச்சு எடுத்தன்."

"மண் ஒட்டிக் கெடக்கு தம்பி."

"கடக்கரை ஊருல மண்ணுக்கா நானா பஞ்சம்?" என்று மதுஷன் சிரித்தான்.

றிபாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாரியில் வாப்பாவை அடக்கிய நாள் நினைவுக்கு வந்தது. மூத்த மகன் என்று அவன்தான் கபுறுக் குழிக்குள் இறங்கி மையத்தை வாங்கினான். மேலே மழை கொட்டிற்று, கீழே ஊற்று முழங்காலுக்கு ஏறிற்று, பக்கத்து மண் பொத்துப் பொத்தென்று சரிந்தது. கபன் துணியைத் தலையிலும் இடுப்பிலும் காலிலும் கட்டியிருந்த மூன்று துணித்துண்டையும் அவிழ்த்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். தலைக்கட்டை அவிழ்த்தான். கால்கட்டை அவிழ்த்தான். இடுப்பு முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. மண் இன்னொரு தரம் சரிந்தது.

"கட்டெல்லாம் அவுத்தாச்சா மகன்?" என்று கரையில் நின்ற கச்சிமுகம்மது மாமா கேட்டார்.

"ஓம்" என்றான். ஒரு சொல்தான். அந்தப் பொய்யை இன்றுவரை யாரிடமும் அவன் கதைத்ததில்லை. வெட்கம் ஒருபக்கம், அசதி ஒருபக்கம்.

பெல்ட்டில் மண்ணைக் கண்ட அன்றே, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முன், அப்ராவுக்குக் காய்ச்சல் நெருப்பாய்ச் சுட்டது. வெளியே பிடித்த மழை விடுவதாயில்லை. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக முடியாது. வேறு வழியில்லாமல் அவளைக் காரின் பின்சீட்டில் இருத்தி, பெல்ட்டைப் பூட்டி, மருதமுனையிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். வைப்பர் கிறீச்சிட்டு இழுத்தது, டிப்பர்கள் சேற்றை வாரியடித்துவிட்டுப் போயின, மூடிய கண்ணாடிகளுக்குள் முதலில் நனைந்த மண் வாடையும் அதன்மேல் மெல்ல, கபனில் தூவுகிற கற்பூர வாடையும் எழுந்து அவனுடைய தொண்டையில் கசந்தன. பிள்ளை போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

"வாப்பா, கட்டு இறுகுது."

"இன்னும் கொஞ்சத் தூரந்தான் மகள்."

"மூச்சு முட்டுது வாப்பா."

பாண்டிருப்பு தாண்டியதும் ஓரத்தில் நிறுத்தி, இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தான். பொத்தானைத் தேடிய கைக்குப் பொத்தான் கிடைக்கவில்லை. நைலோன் வாரும் இல்லை. நனைந்த பருத்தித் துணி. அதில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை அவனுடைய விரல்களுக்குத் தெரியும். நகத்தால் கிண்டினான். முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தான். வாயெல்லாம் மண். நெடுநேரம் கழித்து அது நெகிழ்ந்து அவிழ்ந்தது.

"மாப்புச் செய்ங்க வாப்பா" என்று அழுதான். "பயத்துல விட்டுட்டன். இப்ப அவுத்துட்டன்."

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஒரு வருடத்துப் பாரம். அப்ராவைத் தூக்கி முன்சீட்டில் இருத்தினான். பழக்க தோஷம், அவளுக்குப் பெல்ட்டைப் பூட்டினான், தனக்கும் பூட்டினான். கார் நகர்ந்தது.

பின்சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

படுத்திருந்த ஆள் எழும்புகிறபோது வருகிற முனகல். வாப்பா பகல் தூக்கம் கலைந்து எழும்பும்போது கட்டிலில் கேட்குமே, அதே முனகல்.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். அப்ரா திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"மூத்தவாப்பா எழும்பிட்டாரு."

பார்த்தான். மதுஷன் பூட்டிய பெரிய கண்ணாடி. அது முழுக்க வெள்ளை.

பிரேக்கை மிதித்தான். புதுப் பிரேக் நன்றாகவே பிடித்தது. கார் நின்றது. தன் பெல்ட்டின் பொத்தானை அமத்தினான். அசையவில்லை. அப்ராவினுடையதை அமத்தினான். அசையவில்லை. கதவை எட்டினான். வார் அவனைப் பின்னுக்கு இழுத்துச் சீட்டோடு சேர்த்தது.

"அப்ரா, கையத் தாங்க."

அவள் தரவில்லை. கைகள் நெஞ்சின் மேல், வலது இடதைப் பிடித்தபடி. கண் திறந்திருந்தது. முகத்தில் காய்ச்சலின் சிவப்பு இல்லை.

அவளுடைய கணுக்காலைப் பார்த்தான். வெள்ளைத் துண்டு ஒன்று. இறுக்கி முடிந்திருந்தது.

இடுப்பில் இரண்டாவது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. நகமெல்லாம் மண். அவசரமே இல்லாத கை. அது அப்ராவின் தலைமுடியை ஒன்றாய்ச் சேர்த்துப் பிடித்து, மூன்றாவது துண்டை அவளுடைய தலைக்கு மேலே கட்டத் தொடங்கியது.